மூர்ச்சையின் மர்மம்

நம்மூரில் ஒருவர் மயங்கி விழுந்தால் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இராது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். ஒருவர் சாவிக் கொத்தைக் கையில் திணிப்பார். இன்னொருவர் சோடாவுக்கு ஓடுவார். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்து விடுவார்கள். செய்யத் தகாத காரியம் இதுவே. மூளைக்குச் செல்லும் ரத்தம் குறைந்தபடியால் வந்தது மூர்ச்சை. மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, மல்லாந்து படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால், பெரும்பாலோர் ஒரு நிமிஷத்துக்குள் கண் விழிப்பார்கள்.

பிறகு டாக்டரிடம் போகிறோம். நாற்காலியில் உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்து, "எல்லாம் சரியாயிருக்கிறது" என்று அனுப்பி விடுகிறார். சரியாகத்தான் இருக்கும்! விழுந்தது நிற்கும்போது, பார்த்தது உட்கார்ந்திருக்கும்போது அல்லவா? நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. அதற்கு ஈடாக ரத்தக் குழாய்கள் சுருங்க வேண்டும்; ஹிருதயம் சற்று விரைய வேண்டும். ஆகவே ஐந்து நிமிஷம் படுக்க வைத்து ஒரு தடவையும், எழுந்து நின்றபின் மூன்று நிமிஷத்துக்குள் மறு தடவையும் அளக்க வேண்டும். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் காரணம் ஒருவாறு அகப்பட்டது. வயதானவர்களுக்கு ரத்தக் கொதிப்புக்காகச் சாப்பிடும் மாத்திரையே இதற்குக் காரணமாவதுண்டு. வேறு சிலருக்கு அழுத்தம் இறங்காது. நின்ற பத்து நிமிஷத்துக்குள் நாடி மட்டும் நிமிஷத்துக்கு 30 துடிப்பு, பதின்வயதினருக்கு 40 துடிப்பு, ஏறித் தலை சுற்றும். இவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். "எல்லாம் மனப் பிராந்தி" என்று அவர்களை ஒதுக்குவது பெரிய அநியாயம்.

இன்னோர் அநியாயமும் உண்டு. சாதாரண மூர்ச்சையிலும் சில விநாடி கை கால் உதறும். அதைக் காக்காய் வலிப்பென்று எண்ணி வருஷக் கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் பக்கத்தில் நின்று பார்த்தவரையும் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். பல கருவிகள் சொல்லாததை அவர் சொல்லுவார்.

அப்படியும் பிடிபடாதவர்களுக்குச் சாய்வு மேஜைப் பரிசோதனை உண்டு. லண்டன் வைத்தியர்கள் 1986-ல் இதன் பயனை எடுத்துக் காட்டினார்கள். நோயாளியை மேஜையோடு கட்டி, இப்போதெல்லாம் 60 முதல் 70 பாகை வரை நிமிர்த்தி, நாடியையும் அழுத்தத்தையும் விடாமல் கவனித்தபடி மயக்கம் வருகிறதா என்று காத்திருப்பார்கள். திருடனை வரவழைத்துப் பிடிக்கும் யுக்திதான்!

ஆனால் ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கியவர், மயங்குமுன் நெஞ்சு படபடத்தவர், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டவர் ஆகியோர் மேஜைக்காகக் காத்திருக்கலாகாது. அவர்களுக்கு அன்றைக்கே இ.ஸி.ஜி. எடுத்து ஹிருதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.