கோட்டுக்கு வெளியே நடப்பவர்கள்

தூத்துக்குடி என்றதும் உப்பு, துறைமுகம், முத்து, மக்ரூன் என்று வரிசையாகச் சொல்லிப் பழகிய நாம் இப்போது அவ்வரிசையில் காரையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் இங்குள்ள சிப்காட் வளாகத்தில் அமைத்த மின்கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. அங்கே உருவாகும் வி.எஃப்.6, வி.எஃப்.7 ஆகிய கார்களின் உயர்விலை வகைகளில் 'லேன் கீப்பிங் அசிஸ்ட்' என்றொரு வசதி உண்டு. தடம் காக்கும் துணை என்று தமிழில் சொல்லலாம். உலகுக்கு இது புதிதன்று. ஜப்பானில் நிசான் நிறுவனம் 2001இலேயே தன் சீமா காரில் இதை வைத்தது. நம் நாட்டில் 2021இல் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி700 இதை நடுத்தர வர்க்கத்தார் எட்டிப்பிடிக்கும் தொலைவுக்குக் கொண்டுவந்தது. ஆகவே இது இனி வேற்றூர்ச் செய்தி அல்ல. நம் தெருவின் செய்தி.

தானே ஓடும் ஊர்தி என்ற பேச்சு வந்தாலே புறநானூற்றின் 27ஆம் பாட்டை எடுத்து நீட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. புலவர் பாடும் புகழுடையோர் வலவன் செலுத்தாத வானூர்தியில் விண்ணுலகு புகுவர் என்று உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்குச் சொன்ன பாட்டு அது. வானத்தில் அது சரிதான். அங்கே ஆடு குறுக்கே வராது. சைக்கிளில் உப்பளத்துக்குப் போகிறவரும் இல்லை. நம்முடைய சிக்கல் தரையில் இருக்கிறது.

கருவி வேலை செய்யும் விதம் எளியது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு கேமரா. அது சாலையில் தீட்டிய கோடுகளைப் பார்த்துக்கொண்டே வரும். பெரும்பாலான கார்களில், மணிக்கு 60 கிலோமீட்டரையொட்டிய வேகத்தில் அது விழித்துக்கொள்கிறது. இண்டிகேட்டர் போடாமல் சக்கரம் கோட்டை நெருங்கினால் முதலில் ஒலியாலோ ஸ்டியரிங்கின் நடுக்கத்தாலோ எச்சரிக்கும். பிறகு ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி வண்டியைத் தடத்துக்குள் கொண்டுவரும். அந்த இழுப்பு மென்மையானது. ஓட்டுநர் அழுத்திப் பிடித்தால் அவர் விருப்பமே வெல்லும். வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவியோடு சேர்ந்து இயங்கும்போது இதை இரண்டாம் நிலைத் துணை என்கிறார்கள் பொறியாளர்கள். அதாவது, ஓட்டுவது மனிதர்தான். நடப்பதற்கெல்லாம் பொறுப்பும் அவரே.

ஓட்டுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? நான் கேட்டவரையில் ஒரே மனிதர் இரண்டு விதமாகப் பேசுகிறார். எந்தச் சாலையைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. மதுரைக்குப் போகும் நான்கு வழிச் சாலையைப் பற்றிக் கேட்டால் புகழ்கிறார். எட்டயபுரத்தைத் தாண்டிக் கரிசல் வெயிலில் நீண்டு கிடக்கும் அந்தச் சாலையில், பிற்பகல் மூன்று மணிக்கு உண்ட மயக்கம் கண்ணைச் சொருகும்போது, ஸ்டியரிங் ஒருமுறை நடுங்கினால் போதும். "பக்கத்து இருக்கையில் தூங்காமல் வரும் மனைவியைப் போல" என்றார் ஒரு நண்பர். இந்தப் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தூக்கத்தில் தடம் விலகிய வண்டிகளால் நேர்ந்த மரணங்களை நாம் அறிவோம்.

அதே மனிதர் திருச்செந்தூர் சாலையைப் பற்றிக் கேட்டால் சலித்துக்கொள்கிறார். முத்தையாபுரம், பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு போகும் சாலை அது. ஓரிடத்தில் கோடு தெளிவாக இருக்கும்; அடுத்த இடத்தில் மணல் மூடியிருக்கும்; ஒட்டுப்போட்ட தாரின் விளிம்பே கோடுபோலத் தோன்றும் இடமும் உண்டு. 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இப்பகுதியின் சாலைகள் பல இடங்களில் அறுபட்டன. அறுபட்ட சாலையை ஒட்டுவது ஒரு வேலை, அதன்மேல் கோட்டைத் திரும்பத் தீட்டுவது இன்னொரு வேலை. முன்னது முடிந்ததும் பின்னதை மறப்பது நம் வழக்கம். கேமரா கோட்டைக் காண்கிறது, இழக்கிறது, மறுபடி காண்கிறது. "யாரோ ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து விடுகிற மாதிரி இருக்கிறது சார்" என்றார் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர். வண்டியைக் கிளப்பியதும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவதாகச் சொன்னவர்கள் பலர்.

இதுவரை சொன்னது அசௌகரியம். எனக்குக் கவலை தருவது வேறொன்று.

நம் இருவழிச் சாலையில் நல்ல ஓட்டுநர் என்று யாரைச் சொல்கிறோம்? இடப்புறம் ஒருவர் நடந்துபோனால், எதிரே வண்டி இல்லாத நேரம் பார்த்து, வலப்புறம் இரண்டு முழம் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டுச் செல்பவரை. இச்சாலையில் விடியுமுன்பே உப்பளத்துக்குக் கிளம்பும் தொழிலாளர்கள் உண்டு. தைப்பூச நாள்களில் இரவெல்லாம் பாதயாத்திரையாகத் திருச்செந்தூர் செல்வோர் உண்டு. பெரும்பகுதித் தொலைவுக்கு இவர்களுக்கென்று நடைபாதை கிடையாது. தாரின் ஓரமே அவர்கள் பாதை. ஒதுங்குகிற ஓட்டுநர் நடுக்கோட்டைத் தொடுவார், சில சமயம் தாண்டவும் செய்வார். அதற்கு அவர் இண்டிகேட்டர் போடுவதில்லை. காரணம் உண்டு. வலப்புற இண்டிகேட்டருக்கு நம் நெடுஞ்சாலைகளில் 'நான் திரும்பப் போகிறேன்' என்பதும் பொருள், 'நீ என்னைக் கடந்து போ' என்பதும் பொருள். எந்த அகராதியிலும் ஏறாத சிலேடை அது.

கருவி குறுக்கிடுவது சரியாக இந்த இடத்தில்தான். அதற்குக் கோடு தெரிகிறது. ஓட்டுநர் ஏன் கோட்டை நெருங்கினார் என்பது தெரிவதில்லை. எனவே அவரை இடப்புறம் இழுக்கிறது, அதாவது நடந்துபோகிறவர் பக்கமாக. இழுப்பு சிறியது, மனிதர் கை பெரியது; இதனால் உடனே விபத்து நேரும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒருவர் செய்யும் நற்செயலை ஒவ்வொரு முறையும் பிழையென்று இடித்துரைக்கும் துணையோடு ஆயிரம் தடவை பயணம் செய்தபின், ஆயிரத்தொன்றாம் தடவை அவர் ஒதுங்குவாரா? பழக்கங்கள் இப்படித்தான் தேய்கின்றன. இவ்வகைக் கார்கள் பலவற்றில் ஆள் எதிர்ப்பட்டால் தானே பிரேக் போடும் கருவியும் உண்டு என்று பதில் சொல்லப்படும். அது மோதல் நேரப்போகும் நொடிக்கானது. அந்த நொடியே வராதபடி முன்னரே விலகிப்போவது வேறு, அது மரியாதை.

அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனை நண்பர்கள் அறிவார்கள். கார்காலம் தொடங்கிவிட்டது, தலைவி காத்திருக்கிறாள், அவன் விரைந்து வருகிறான். ஆனாலும் தேர்மணியின் ஓசையால் பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்குமே என்று அஞ்சி மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவனுக்கும் அவசரம்தான், அந்த அவசரத்திலும் வழியோரத்து உயிருக்கு ஓர் இடம் இருந்தது. சாலைக்கென்று தமிழில் ஓர் அறம் உண்டானால் அதன் முதற்பாடம் இது. கருவியின் அறமோ கோட்டில் தொடங்கிக் கோட்டிலேயே முடிந்துவிடுகிறது.

"கோட்டை மதிக்காத ஒழுங்கின்மையைப் பண்பாடு என்று மெச்சுகிறீரே" என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கோடு அற்பமானதன்று. 1911இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வேன் மாவட்டத்தில் எட்வர்ட் ஹைன்ஸ் சாலையின் நடுவே கோடு தீட்டச் செய்தார். பால்வண்டியிலிருந்து ஒழுகிய பாலின் தடத்தைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் உதித்ததாக ஒரு கதை உண்டு. நேருக்கு நேர் மோதிச் சாகாமல் மனிதர்களைக் காத்த எளிய கண்டுபிடிப்பு அது. துறைமுகச் சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கிடையே நுழைந்து நெளிந்து போவதை நான் பண்பாடு என்று சொல்லமாட்டேன், அது திமிர். ஐரோப்பிய ஒன்றியம் அவசரத் தடம் காப்புக் கருவியை 2022 ஜூலை முதல் புதிய மாதிரிகளிலும், 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக்கியிருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே கோடு முதலில் வந்தது, அதைக் காக்கும் கருவி பிறகு வந்தது. நாம் வரிசையை மாற்றியிருக்கிறோம். மேலும், நடைபாதை இல்லாத சாலையில் ஓரமாக நடப்பவரிடம் என்ன ஒழுங்கின்மை இருக்கிறது? அவருக்கு இடம் விடுபவரிடம்தான் என்ன இருக்கிறது?

இன்னொரு பக்கமும் உண்டு. கைகளை எடுத்துவிட்டு, காரைத் தன்போக்கில் ஓடவிட்டுப் படம் பிடித்துப் போடும் காணொளிகளை நாம் பார்த்திருக்கிறோம். துணை என்ற சொல்லை அவர்கள் சாரதி என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். 2018 மார்ச் 23 அன்று கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில், துணைக்கருவியின் பொறுப்பில் ஓடிய ஒரு டெஸ்லா கார், சாலை பிரியுமிடத்தில் தடம் விலகித் தடுப்பில் மோதியது, ஓட்டுநர் இறந்தார். கருவியின் குறையும், கைப்பேசி விளையாட்டில் சிதறிய கவனமும், கருவிமேல் வைத்த மிதமிஞ்சிய நம்பிக்கையும் சேர்ந்தே காரணம் என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020இல் முடிவு சொன்னது. தானியங்கிக் கருவி மனிதரின் எளிய வேலைகளை வாங்கிக்கொண்டு, கடினமானதை மட்டும், அதுவும் பயிற்சி மறந்த நேரத்தில், அவரிடமே திருப்பித் தருகிறது என்ற முரணை லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இலேயே ஒரு கட்டுரையில் சுட்டியிருந்தார்.

அப்படியானால் துணை எப்படி இருக்க வேண்டும்? இக்கரையில் அதற்கு ஒரு பழைய விடை உண்டு. முத்துக்குளிப்பு இங்கே 1961ஓடு நின்றுவிட்டது. அதன் பேச்சு நிற்கவில்லை. கல்லின் பாரத்தில் கடலுக்குள் இறங்குபவரின் கயிற்றைத் தோணியில் இருப்பவர் பிடித்திருப்பார். அவர் பெரும்பாலும் மைத்துனராக இருப்பார் என்பார்கள். தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவர் கை தளராது. கீழே இருப்பவர் எந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும் என்று அவர் மேலிருந்து ஏவமாட்டார். கண்ணை எடுக்காமல் காத்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுப்பார். துணை என்பது அதுதான்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுபவை மூன்று. ஒன்று, இருவழிச் சாலையில் எச்சரிக்கை போதும், இழுப்பு வேண்டாம். பல கார்களில் இப்படித் தேர்ந்துகொள்ள வழி உண்டு; ஆனால் அது திரைக்குள் நாலைந்து படிகளுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அதைக் கைக்கெட்டும் ஒரு பொத்தானாக வைக்கலாம். பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025இல் வெளியிட்ட வரைவு, தடம் விலகினால் எச்சரிக்கும் கருவியைத்தான் கேட்டது. அது சரியான அளவு என்றே நினைக்கிறேன். இரண்டு, காரை ஒப்படைக்கும் நாளில் மாலைக்கும் கேக்குக்கும் ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது, இக்கருவி எதைச் செய்யாது என்று தமிழில் விளக்க ஒதுக்க வேண்டும். மூன்று, நெடுஞ்சாலைத் துறை கோட்டைத் தீட்டுவதோடு நில்லாமல், கோட்டுக்கு வெளியே நடப்பவருக்கும் ஒரு பாதை தர வேண்டும். மூன்றாவது நடந்துவிட்டால் முதலாவதைப் பற்றி நான் இவ்வளவு வாதாடமாட்டேன்.

இப்போது அந்தக் கார்களைச் செய்யும் ஆலையே நம் ஊரில் இருக்கிறது. அதன் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளைக்கோடு போட்ட சோதனைத்தடத்தில் ஓட்டிப் பார்த்தது போதும். ஒரு தைப்பூச இரவில், முழங்கால் வலியோடு ஆறுமுகநேரியைத் தாண்டி நடந்துகொண்டிருக்கும் கூட்டத்தின் பக்கமாக, உங்கள் காரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். உங்கள் கை ஒதுங்க நினைக்கும். ஸ்டியரிங் என்ன நினைக்கிறது என்று அப்போது தெரியும்.