சதவீதம் போட்டுத் தரும் இடமா நூலகம்?

ஆய்வேடு சமர்ப்பிக்கும் சீசனில் ஏதாவது ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். கையில் பென் டிரைவோடு பிஎச்.டி. மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். "சார், எத்தனை பர்சன்ட் வந்திருக்கு?" என்ற ஒரே கேள்விதான் எல்லோருக்கும். ஒன்பது என்றால் முகத்தில் வெளிச்சம். பதினான்கு என்றால் "கொஞ்சம் வார்த்தைய மாத்திட்டு நாளைக்கு வர்றேன் சார்". ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சர்க்கரை அளவு கேட்பது மாதிரிதான். வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்பது மட்டும்தான் பாக்கி :-)

நூலகத் தகவல் அறிவியல் படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தக் காட்சி உறுத்துகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் திருத்திய பிரதியைக்கூட ஒரு வருடத்துக்குக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகப் பெயர் சொல்லி எடுத்த மேற்கோள்கள், துணைநூற்பட்டியல் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. 2019-லிருந்து ஷோத்சுத்தி திட்டத்தின் கீழ் இதற்கான மென்பொருளும் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்கிறது. இதுவரை நல்லதுதான்.

ஆனால் நடைமுறையில் இந்தப் பத்து என்ன ஆனது தெரியுமா? 'பத்து சதவீதம் வரை அடிக்கலாம்' என்று ஆகிவிட்டது. 60,000 சொல் உள்ள ஆய்வேட்டில் பத்து சதவீதம் என்றால் 6,000 சொல். பக்கத்துக்கு 250 சொல் என்று வைத்தாலும் 24 பக்கம்! இன்னொருவர் மூன்று வருடம் அலைந்து கண்டுபிடித்த ஒரு முடிவை எழுத அரைப் பக்கம் போதும். அதை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டால் ஒரு சதவீதம்கூட வராது. மென்பொருள் காட்டுவது ஒற்றுமையை. திருட்டா இல்லையா என்று பார்க்க ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கதை இன்னும் வேடிக்கை. ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய பழைய ஆய்வேட்டின் எழுத்துகளை மென்பொருளால் படிக்க முடியாது. ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி தமிழாக்கிப் போட்டால் பெரும்பாலும் சிக்காது. ஆக, தமிழ் ஆய்வேட்டில் சுழியம் சதவீதம் என்றால் ரொம்ப நேர்மை என்றும் வைத்துக்கொள்ளலாம், ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த விஷயம்தான் எனக்கு முக்கியம். மேலே சொன்ன விதிமுறைகளில் அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், வகுப்புக் கட்டுரை எதுவும் வராது. ஆய்வு நெறிமுறை பற்றி 30 மணி நேரப் பாடம் ஒன்றை மானியக் குழு 2019-ல் கொண்டுவந்தது. அதுவும் பிஎச்.டி. மாணவர்களுக்கு. அப்படியானால் இளங்கலை மூன்று வருடம், முதுகலை இரண்டு வருடம் என்ன நடக்கிறது? கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேளுங்கள். சீனியரின் ப்ராஜெக்ட்டில் அட்டையையும் முதல் பக்கத்தையும் மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார். நன்றியுரையை மாற்ற மறந்து, கல்யாணமே ஆகாத பையன் 'என் கணவருக்கு நன்றி' என்று சமர்ப்பித்த கதையை நானே இரண்டு ஊர்களில் கேட்டிருக்கிறேன். அந்தப் பையனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பள்ளியில் கோனார் உரையைப் பார்த்து அப்படியே எழுதினால்தான் மார்க். ஐந்து வருடக் கல்லூரியிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிஎச்.டி. சேர்ந்த மறுநாள் திடீரென்று அது குற்றம் என்றால்?

அப்போது யார் சொல்லித் தருவது? நூலகர்தான் என்கிறேன் நான்.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து, 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும் 1933-ல் கோலன் பகுப்பு முறையையும் தந்தார். இதெல்லாம் நம் வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் வாசகருக்கு உதவுவது பற்றி எழுதும்போது புதிதாக வரும் மாணவனை நூலகத்துக்குப் பழக்குவதையும் தனி வேலையாக அவர் பிரித்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இன்று அந்த 'பழக்குதல்' இருபது நிமிடச் சுற்றுலாவாக முடிகிறது. பையை வெளியே வை, சத்தம் போடாதே, தாமதமானால் ஃபைன். அவ்வளவுதான்.

நம் பயிற்சியும் அப்படித்தான் இருக்கிறது. பகுப்பு எண் போட வாரக்கணக்கில் பழகுகிறோம். பட்டியலாக்கத்துக்குத் தனிச் செய்முறைத் தேர்வு. ஆனால் ஒரு முதலாமாண்டு மாணவனை எதிரில் உட்கார வைத்து, 'இது உன் கருத்து, இது அவர் கருத்து, நடுவில் இப்படிக் கோடு போடு' என்று சொல்லித்தர நமக்கு ஒரு மணி நேரம்கூடப் பயிற்சி இல்லை. வெளிநாட்டு மேற்கோள் முறைகள் குடும்பப் பெயரை முதலில் கேட்கும். நமக்கு அது ஏது? நம் ஆட்கள் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு வருகிறார்கள். ரங்கநாதன் பெயரில் எஸ் என்பது ஊர், ஆர் என்பது அப்பா. இதை விளக்க நூலகரை விட்டால் வேறு யார்?

நண்பன் ஒருவன் இதற்கு மறுப்புச் சொன்னான். "நூலகரும் ஒரு உதவியாளரும் சேர்ந்து மொத்த கல்லூரியையும் பார்க்கிறாங்க. இதுல வகுப்பு வேற எடுக்கணுமா? எடுத்தாலும் நெறியாளர் சொல்றதத்தான பசங்க கேப்பாங்க?" நியாயமான கேள்வி. ஆள் பற்றாக்குறை உண்மை. துறை ஒத்துழைக்காவிட்டால் நூலகர் சொல்வது எடுபடாது என்பதும் உண்மை. ஆனால் சதவீதம் எடுத்துத் தரவும், மாற்றிக் கொண்டு வந்ததை மறுபடி ஓட்டவும் போகிற நேரம் மட்டும் எங்கிருந்து வருகிறதாம்?

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கேட்டால் கட்டுரையாகவே எழுதித் தருகிறது. யாரையும் அப்படியே நகல் எடுக்காததால் ஒற்றுமை சதவீதம் குறைவாகத்தான் வரும். ஆனால் துணைநூற்பட்டியலில் பிறக்காத ஆசிரியர், வெளிவராத புத்தகம் எல்லாம் கலந்து வரலாம். அதைப் பிடிக்க நூலகப் பட்டியலில் தேடத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் நாலைந்து பேர் துறைத் தலைவரிடம் ஒரு மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். செய்முறைத் தேர்வில் ஒரு பகுதியாக, ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு இளங்கலை வகுப்புக்குப் போய் மேற்கோள் காட்டுவது பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. வகுப்புத் தோழர்கள் வியாழக்கிழமை மதியம் குறிப்புதவிப் பகுதிக்கு வந்தால் மனுவைப் படித்துப் பார்க்கலாம். பிடித்திருந்தால் கையெழுத்துப் போடுங்கள்.