ஐந்தனுள் எது சிறந்தது?

கணினி விளையாட்டுக்களில் விருப்பமுடையார் இருவர் கூடியவிடத்து, தாம் ஆடிய தொடரின் பாகங்களுள் எது சிறந்ததென்னும் வழக்கு எழாதிருத்தல் அரிது. ‘குவெஸ்ட் ஃபார் குளோரி’ என்னும் பழந்தொடரைப் பற்றிய வழக்கோ முப்பதாண்டுகளுக்கு மேலாக ஓயாது நடந்து வருகின்றது. நாம் கேட்டவரையில், நான்காம் பாகமே தலையாயதென்போர் பலர். மூன்றாம் பாகம் வெறும் இடைச்செருகல், அதனைத் தாண்டிச் செல்லினும் இழப்பில்லை என்போரும் பலர். இத்தீர்ப்பை நாம் ஒப்புகிலேம். இது வெறும் வாய்ச்சண்டையாயின் பேசாதிருந்திருப்போம். ஆயின், புதிதாக ஆட வருவோர் இதனை நம்பி நேரே நான்காம் பாகத்திற் புகுகின்றனர். அப்பாகம் தரவல்ல இன்பத்திற் பாதியை வாயிலிலேயே விட்டுச் செல்கின்றனர்.

தொடரை அறியாதார் பொருட்டுச் சில சொல்வோம். லோரி கோல், கோரி கோல் என்னும் தம்பதியர் இதனை வகுத்தனர். அமெரிக்க நாட்டுச் சியரா நிறுவனத்தார் வெளியிட்டனர். முதற்பாகம் 1989-ஆம் ஆண்டில் ‘ஹீரோஸ் குவெஸ்ட்’ என்னும் பெயரோடு வந்தது. ஒரு பலகை விளையாட்டின் பெயரோடு முரண்பட்டமையாற் பின்னர்ப் பெயர் மாற்றப்பெற்றது. ஏனையவை முறையே 1990, 1992, 1993, 1998 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. முதலாவதன் களம் ஜெர்மானியக் கதைகளை ஒத்த மலைப்பள்ளத்தாக்கு. இரண்டாவதற்கு அராபியக் கதைகளின் பாலைவன நகரம். மூன்றாவதற்கு ஆப்பிரிக்கப் புல்வெளி. நான்காவதற்கு இரத்தங்குடிக்கும் பேய்கள் உலவும் ஸ்லாவிய நாடு. ஐந்தாவதற்குக் கிரேக்கர் கதைகளை ஒத்த கடல்சூழ் நாடு.

ஆடுவோன் வீரனாகவோ மாந்திரிகனாகவோ கள்வனாகவோ தொடங்கலாம். முதற்பாகத்தில் மருத்துவச்சி ஒருத்தியின் மோதிரம் மரத்தின் மேலுள்ள பறவைக் கூட்டிற் கிடக்கின்றது. கல்லெறிந்து கூட்டை வீழ்த்தலாம்; மரமேறி எடுக்கலாம்; மந்திரத்தால் வரவழைக்கலாம். எறிய எறிய எறியுந்திறன் வளரும். ஏற ஏற ஏறுந்திறன் வளரும். இவ்வாறு வளர்ந்த ஆளைப் பாகத்தின் முடிவில் ஒரு கோப்பாகச் சேமித்து அடுத்த பாகத்திற்குக் கொண்டு செல்லலாம். ஆகவே ஐந்து நாடுகளிலும் உலவுவான் ஒருவனே. இதனை மறந்து பாகங்களைத் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது, ஒருவன் வாழ்நாளில் இருபதாம் ஆண்டு சிறந்ததா முப்பதாம் ஆண்டு சிறந்ததா என வினவுவதையே ஒக்கும்.

நான்காம் பாகத்தின் பெருமையைக் குறைக்க நாம் வந்தோமில்லை. கதையின் ஆழத்தில் அதற்கு நிகர் தொடரில் வேறில்லை. (அது முதலில் வெளிவந்தபோது பிழைகள் மலிந்திருந்ததையும், 1994-இல் குரலோடு வந்த குறுந்தட்டுப் பதிப்பே அதனை ஒருவாறு காத்ததையும் அன்பர்கள் மறந்துவிட்டனர் போலும்.) ஆனால் அவ்வாழம் எங்கிருந்து வந்தது? முதற்பாகத்துக் காட்டினுள் ‘எரானாவின் அமைதி’ என்னும் பூம்புல்வெளி ஒன்றுண்டு. இரவிற் காடெங்கும் கொடியன திரியும். அவ்விடத்து மட்டும் அஞ்சாது துயிலலாம். அவ்விடத்தை ஆக்கியவள் என்னவானாள் என்பது அங்கு விளங்குவதில்லை. நெடுவழி கடந்து மோர்டேவியா நாட்டை அடைந்தபின்னரே, அவளது ஆவி அங்குச் சிறைப்பட்டிருத்தலை அறிகின்றோம். அப்புல்லில் ஓரிரவேனும் படுத்தெழுந்தவன் அவளை விடுவிக்கும்போது தன் கடனைத் தீர்க்கின்றான். படுத்தறியாதவனுக்கோ அவளும் ஒரு பெயரே. பாபா யாகா என்னும் சூனியக்கிழவி முதற்பாகத்தில் நாயகனால் துரத்தப்பட்டவள். ஆட் ஆவிஸ் என்னும் கொடிய மாந்திரிகன் இரண்டாம் பாகத்தில் அவனால் வீழ்ந்தவன். இருவரும் நான்காம் பாகத்தில் மீண்டும் எதிர்ப்படுகின்றனர். அப்பாகம் பெறும் புகழிற் பெரும்பங்கு முன்னைப் பாகங்கள் இட்ட முதலுக்கு வந்த வட்டியே.

இனி, பழிக்கப்படும் மூன்றாம் பாகத்தைக் காண்போம். ஆசிரியர்கள் தொடக்கத்தில் எண்ணியவை நான்கு பாகங்களே: நான்கு திசை, நான்கு பூதம், நான்கு பருவம். இரண்டாம் பாகத்தின் முடிவில், அடுத்து வருவது இருண்ட நாட்டுக் கதையே என அறிவித்தும் இருந்தனர். பின்னர், அந்நாட்டில் தனியே நிற்கும் அளவுக்கு நாயகன் இன்னும் முதிரவில்லையெனக் கருதி, ஆப்பிரிக்கக் கதையை இடையில் அமைத்தனர். ஆதலின் இடைச்செருகல் என்பது மெய்யே. வேண்டாதது என்பதே பொய்.

அக்கதையில் சிம்பானியர், சிறுத்தை மனிதர் என்னும் இரு குலத்தார் போரின் விளிம்பில் நிற்கின்றனர். ஒரு குலத்தின் புனித ஈட்டி மற்றதன் கையில். அதன் புனித முரசம் இதன் கையில். நாயகன் இங்கு அரக்கனைக் கொல்ல வந்தவன் அல்லன்; இரண்டையும் உரியாரிடம் சேர்த்துப் போரைத் தடுக்க வந்தவன். அவனை அழைத்து வருபவர் ராக்கீஷ். அரசுரிமையைத் துறந்து அறவீரரான சிங்க குலத்து முதியவர் இவர். காலில் பழம்புண் உடையவர். தார்னா நகரிலோ, திருடிப் பிடிபட்ட ஒருவனை ஊரார் மானமற்றவனென்று ஒதுக்குகின்றனர். அவனோடு பேசுவாரும் இலர், அவனுக்கு விற்பாரும் இலர். நாயகன் அவனுக்கு உணவு கொடுக்கலாம்; கொடாமலும் போகலாம். இறுதிப் போரில், தான் ஈட்டிய நண்பர்களே வந்து துணை நிற்கும்போது அக்கொடையின் பொருள் புலனாகின்றது. இத்துணை நண்பரை உடையவன்தான் அடுத்த பாகத்தின் தொடக்கத்தில் இருட்குகை ஒன்றில் கையில் ஏதுமின்றித் தனியே விழித்தெழுகின்றான். மூன்றாவதை விட்டுவந்தவனுக்கு அத்தனிமை எவ்வாறு உறைக்கும்?

குறையும் உண்டு. புல்வெளிப் பயணம் நீண்டு சலிப்பூட்டுகின்றது. கள்வனாய் வந்தவனுக்குச் செய்தற்குரியன மிகச் சில. இவற்றை மறுப்பதற்கில்லை.

நம்மை வற்புறுத்தி ஒன்றைச் சொல்லுமாறு கேட்பின், இரண்டாம் பாகத்தையே சொல்வோம். பதினாறு நிறங்களே கொண்ட ஓவியம். ஷாபீர் நகரத்துச் சந்துகளோ வழி தெரியாது மயங்கச் செய்வன. ஆயினும் வலிமை, அறிவு முதலிய திறன்களின் வரிசையில் ‘மானம்’ என்னும் ஒன்று முதன்முதல் இடம்பெற்றது அங்குத்தான். மானத்துடன் நடந்தவனுக்கு முடிவில் ராக்கீஷ் தம் வாளை அளித்து அறவீரனாக்குகின்றார். தொடக்கத்தில் விரும்பி எடுத்துக்கொள்ளும் பட்டம் அன்று அது, நடக்கையால் வருவது.

ஐந்தாவதைப் பற்றி அன்பர்கள் இன்றும் இரு கட்சியாய் நிற்கின்றனர். அதனுள் நாம் புகோம்.

புதியோர் முதற்பாகத்திலிருந்தே தொடங்குக. எழுத்துக்களைத் தட்டி ஆடும் பழைய முறை பிடியாதார்க்கு, முதற்பாகத்தின் புதுவடிவம் 1992-இலேயே வந்துள்ளது. இரண்டாவதற்கும், அன்பர் குழு ஒன்று பல்லாண்டு உழைத்து 2008-இல் இலவசமாக வெளியிட்ட புதுவடிவம் உண்டு. அதில் வளர்த்த ஆளை மூன்றாம் பாகத்திற்குக் கொண்டு செல்லவும் கூடும்.