வீடும் செலவும்: எஸ்பிரஸோ இயந்திரம் வாங்கப் போகிறீர்களா?

வடநாட்டுக் கலியாண வீடுகளுக்குச் சென்றுவந்த அன்பர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். பந்தலின் ஓரத்தில் பளபளவென்று ஓர் இயந்திரம் நிற்கும். பணியாள் கோப்பையில் உடனடிக் காப்பித் தூளும் சர்க்கரையும் பாலும் இட்டு, இயந்திரத்தின் குழாயை அதனுள் நுழைத்து, ‘புஸ்’ என்ற பேரோசையுடன் நீராவியைச் செலுத்துவான். நுரை பொங்கியதும் மேலே சிறிது சாக்லேட் தூள் தூவி நம் கையில் தருவான். இதற்கு இந்தப் பக்கத்தில் எஸ்பிரஸோ காப்பி என்று பெயர். தை மாதக் குளிரில் குடிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எஸ்பிரஸோ அன்று, நுரைத்த பால்.

சென்ற மாதச் சங்கக் கூட்டத்தில் ஒரு சகோதரி நம்மை நிறுத்தி, “பத்தாயிரம் ரூபாய்க்குள் வீட்டுக்கு ஓர் எஸ்பிரஸோ இயந்திரம் வாங்கலாமா? பெண் கல்லூரியிலிருந்து வந்தால் கடைக் காப்பிக்கே பணம் போகிறது” என்று கேட்டார். அங்கேயே விடை சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்விஷயத்தில் நாம் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஆதலால், சற்று விரித்து எழுதுவதே முறை என்று தோன்றியது.

முதலில், எஸ்பிரஸோ என்பது யாது? நுண்ணிதாக அரைத்த காப்பிப் பொடியைச் சிறு சல்லடைக் கிண்ணத்தில் இட்டுச் சமமாக அமுக்கி, 90 முதல் 96 டிகிரி வரை சூடுள்ள நீரை, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 9 மடங்கு அழுத்தத்தோடு அதனூடே செலுத்தி, அரை நிமிஷத்துக்குள் இறக்கும் சாறு. நமது பித்தளைப் பில்டரிலோ நீர் தன் எடையாலேயே மெல்ல இறங்குகிறது, அவசரமில்லை. இத்தாலியின் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா என்பவர் 1901இல் நீராவியின் விசையால் கோப்பை கோப்பையாகக் காப்பி இறக்கும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அந்த விசை போதவில்லை. அதே நகரத்து அக்கில்லே காஜ்ஜா 1938இல் புதிய முறை ஒன்றுக்கு உரிமம் பெற்று, போருக்குப் பின் 1948இல் நெம்புகோல் இயந்திரத்தைக் கொண்டுவந்த பின்னரே, கோப்பையின் மேல் பொன்னிற நுரை படியும் இன்றைய எஸ்பிரஸோ உண்டாயிற்று. நம் நாட்டுக் காப்பிக் கொட்டையை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் இத்தாலியும் ஒன்று. ஆகவே இந்தப் பானம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இனி நம் கதை. 2023ஆம் ஆண்டு தசராவை ஒட்டி ரெயில்வே ஊழியர்களுக்கு 78 நாள் போனஸ் கிடைத்தது. கணக்குக்கு உச்சவரம்பு உண்டாதலால், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கைக்கு வருவது 17,951 ரூபாய்க்கு மேற்படாது. அந்தப் பணத்தில் தீபாவளித் துணிமணிகளும், நம் தாயாருக்குப் புதிய மூக்குக் கண்ணாடியும் வாங்குவதாகத் திட்டம். அவ்வமயம் நம்முடன் தங்கியிருந்த மைத்துனர், குர்காவில் வேலை பார்ப்பவர், தினம் ஒரு கோப்பைக் காப்பிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார். “அத்திம்பேர், இயந்திரம் வாங்கிவிட்டால் நாலே மாதத்தில் பணம் திரும்பிவிடும்” என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு எழுதிப் பிழைக்கும் நாமே அந்தக் கணக்கில் மயங்கினோம். பண்டிகைத் தள்ளுபடியில் 11,500 ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வந்து சேர்ந்தது. பெட்டியின் மேல் ‘20 பார்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. கண்ணாடி பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தாயாரே சொல்லிவிட்டார்.

முதல் நாள் வீட்டிலிருந்த பில்டர் பொடியைப் போட்டோம். அதில் சிக்கரி சேர்ந்திருந்தது. இயந்திரம் உறுமிற்று, நீர் இறங்கவில்லை. வெகுநேரம் கழித்துத் தார் போல நாலைந்து சொட்டுகள் விழுந்தன. “இது காப்பியா, கஷாயமாடா?” என்றார் தாயார். மறுவாரம் சிக்கரி கலவாத பொடி வாங்கிப் போட்டோம். நுரை ஏராளமாக வந்தது; சுவை இல்லை. பிறகு கொட்டையை வாங்கி மிக்ஸியில் அரைத்தோம். ஒரு நாள் எட்டு நொடியில் வெந்நீராக ஓடிற்று, மறுநாள் அடைத்துக்கொண்டது. ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து நின்றன. மைத்துனர் பழையபடி கடைக்கே போகத் தொடங்கினார். குறை எங்கே என்று நாம் அறிந்துகொள்வதற்குள் பொருளைத் திருப்பித் தருவதற்கான கெடு கடந்துவிட்டது.

குறை அரைவையில் இருந்தது. இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும். மிக்ஸியின் கத்தி கொட்டையை அரைப்பதில்லை, அடித்து உடைக்கிறது. அதில் மாவும் இருக்கும், குருணையும் இருக்கும். அழுத்தத்தோடு வரும் நீர் குருணையுள்ள இடத்தில் வழி பிளந்துகொண்டு ஓடிவிடும். குருணையிலிருந்து சாரம் இறங்காமையால் புளிப்பு. மாவிலிருந்து மிகுதியாக இறங்குவதால் கசப்பு. இரண்டு பற்கல்லிடையே கொட்டை சிக்கி ஒரே அளவாக நொறுங்கும் அரைவை வேண்டும். இது நமக்குத் தெரியாத வித்தையன்று. முற்காலத்தில் நம் வீடுகளில் மேஜை விளிம்பில் திருகிப் பொருத்திய இரும்புக் காப்பி மிஷின் இருந்ததே, கொட்டையை வறுத்த கையோடு அதில் சுற்றுவார்களே, அதுவும் இதே பற்சக்கர முறைதான். தாயார் தம் பிறந்தகத்து மிஷினைப் பற்றி அன்று ஒரு மணி நேரம் சொன்னார். அவர் சொன்னதை முன்னமே கேட்டிருந்தால் 11,500 ரூபாய் மிஞ்சியிருக்கும். ஆயினும் அந்தப் பழைய மிஷின் பில்டருக்குப் போதும். எஸ்பிரஸோவுக்கு வேண்டிய நுண்மையும் சமமும் அதில் வருவது அரிது.

ஆகையால் கையிலுள்ள தொகையில் அரைவைக்கு முதலில் ஒதுக்குங்கள். மிஞ்சியதில் இயந்திரம் பாருங்கள். குறைந்த செலவில் சிறந்தது எஃகுப் பற்களுள்ள கைச் சுற்று அரைவைதான். அதே விலைக்கு வரும் மின்சார அரைவைகளில் பெரும்பாலானவற்றின் திருகு ஒவ்வொரு படிக்கும் வெகுதூரம் தாவும். ஒரு படியில் அடைக்கும், அடுத்த படியில் ஓடும். நடுவில் நிற்க இடமிராது. வாங்குமுன், எஸ்பிரஸோவுக்கென்று நுண்ணிய படிகள் உண்டா என்று கேளுங்கள். மிக மலிவான பீங்கான் பல் அரைவைகளில் அச்சு ஆடும், அவை வேண்டா. ஒரு கோப்பைக்குரிய 18 கிராமைக் கையால் அரைக்க ஒன்று இரண்டு நிமிஷம் பிடிக்கும். தோள்வலி உள்ளவர்கள் இதை நினைவிற் கொள்க.

இயந்திரத்தைப் பற்றிச் சில சொற்கள். 15 பார், 20 பார் என்பதெல்லாம் பம்பு தள்ளக்கூடிய உச்சம். பொடியின் மேல் வேண்டுவது 9தான். எண் பெரிதாயிற்றென்று காப்பி நன்றாகிவிடாது. சல்லடைக் கிண்ணத்தையே கூர்ந்து பாருங்கள். அதில் இரு வகை உண்டு. அடியில் இரட்டைத் தகடும் ஊசிமுனை போன்ற ஒரே துளையும் உள்ளது ஒரு வகை. எந்தப் பொடியைப் போட்டாலும் அந்தத் துளையே அழுத்தம் உண்டாக்கி நுரையைக் கிளப்பும். நமக்கு வந்த நுரை அத்தகையதே. மற்றது ஒற்றைத் தகட்டில் நூற்றுக்கணக்கான துளைகள் கொண்டது. அதில் பொடி தானே அழுத்தத்தைத் தாங்க வேண்டும். நல்ல அரைவை உள்ளவர்களுக்கு அதுவே உகந்தது. கிண்ணத்தின் அகலம் 51 அல்லது 58 மில்லிமீட்டராக இருந்தால் ஒற்றைத் தகட்டுக் கிண்ணம் தனியே எளிதில் கிடைக்கும். நாம் வாங்கிய இயந்திரத்தின் அகலத்துக்கு எங்கு தேடியும் ஒன்றும் பொருந்தவில்லை.

பழைய குவார்ட்டர்ஸில் வசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1,350 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். சிறிய பிளக்கின் எல்லை அதுவே. 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும். பிரிட்ஜோடு ஒரே நீட்டிப்புப் பலகையில் கூடவே கூடாது. கடின நீர் உள்ள பேட்டைகளில் உள்ளே சுண்ணாம்பு படியும். வடிகட்டிய நீரையே ஊற்றி, இயந்திரத்தோடு வரும் குறிப்பின்படி அவ்வப்போது படிவை நீக்க வேண்டும்.

2024 போனஸும் அதே 17,951 ரூபாய்தான். இம்முறை முதற் செலவு கண்ணாடிக்கு என்று இல்லத்தரசி சொல்ல, கண்ணாடியைத் தம் சேமிப்பிலிருந்தே வாங்கியாயிற்று என்று தாயார் சொன்னார். அந்த வார்த்தை நமக்குத் தைத்தது. பழைய இயந்திரத்தை 4,000 ரூபாய்க்கு விற்றோம். கை அரைவை 7,000. 51 மில்லிமீட்டர் கிண்ணமுள்ள இயந்திரம் 10,500. ஒற்றைத் தகட்டுக் கிண்ணம் 900. கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு 1,200. பொடி அமுக்கும் கட்டை 600. ஆக 20,200. விற்ற பணம் போக 16,200. மீதி 1,751 ரூபாயை இல்லத்தரசி கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கென்று நாம் கேட்கவில்லை.

தராசு எதற்கு என்று சிலர் நகைக்கலாம். 18 கிராம் பொடிக்கு 36 கிராம் சாறு, 25 முதல் 30 நொடிக்குள். இது தொடக்கத்துக்கான அளவு. முன்னதாக ஓடிவிட்டால் அரைவையை ஒரு படி நுணுக்குக; தாமதித்தால் ஒரு படி பருமனாக்குக. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினாலன்றிக் குறை எதுவென்று தெரியாது. கொட்டைப் பையின் மேல் வறுத்த தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வறுத்து ஒரு வாரம் முதல் நான்கு வாரத்துக்குள் தீர்ப்பது நலம். சிக்கரி கூடாது. சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். மற்றது சிக்கரியாக இருக்கலாம். அது பில்டருக்கு நிறமும் கெட்டியும் தரும், இயந்திரத்தை அடைக்கும்.

ஒன்றை மறைக்கலாகாது. காலை ஆறிலிருந்து ஏழுக்குள் ஐந்து பேருக்குக் காப்பி வேண்டிய வீட்டில் இந்த இயந்திரம் உதவாது. ஒவ்வொரு கோப்பைக்கும் அரைத்து, நிறுத்து, அமுக்கி, இறக்கி, கழுவி முடிப்பதற்குள் கடைசி ஆள் ஆபீசுக்குப் புறப்பட்டுவிடுவார். நம் வீட்டில் காலையில் இன்னும் பில்டர்தான். இயந்திரம் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மட்டும் வேலை செய்கிறது. இரண்டுக்கும் கொட்டையை அந்தக் கை அரைவையிலேயே, பில்டருக்குச் சற்றுப் பருமனாகத் திருப்பி வைத்து அரைக்கிறோம். பில்டர் காப்பியின் மணம் கூடியிருக்கிறது என்று தாயார் ஒப்புக்கொண்டார். எஸ்பிரஸோவை அவர் இன்றளவும் தொடவில்லை.

இனி அந்தச் சகோதரிக்கு விடை. அம்மணி, பத்தாயிரம் ரூபாயில் இயந்திரமும் நல்ல அரைவையும் சேர்ந்து வாரா. இந்த ஆண்டு அரைவையை மட்டும் வாங்குங்கள். அதனுடன் அடுப்பின் மேல் வைக்கும் மோக்கா பாத்திரம் ஒன்று. 1933இல் இத்தாலியில் தோன்றியது அது. சில ஆயிரத்துக்குள் கிடைக்கும். அதன் அழுத்தம் எஸ்பிரஸோவுக்கு வெகுவாகக் குறைவாதலால் பொன்னிற நுரை வராது. ஆனால் சூடான பாலில் கலந்தால் தங்கள் மகள் கடைக்குப் போகும் நாட்கள் குறையக்கூடும். அடியிலுள்ள கலத்தில் நீரைப் பக்கத்து வால்வுக்குக் கீழே நிறுத்துங்கள். பொடியை அமுக்க வேண்டா. தீ சிறிதாக இருக்கட்டும். வாங்கும்போது நம் மூன்று கோப்பை அளவுப் பாத்திரத்தைப் பார்க்க வேண்டுமானால், ஞாயிறன்று மாலை வீட்டுக்கு வரலாம்.