வீடு விற்கப் போறீங்களா? பெயின்ட்டுக்கு முன்னாடி விரிசலைப் பாருங்க!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வீடு விற்பவர்கள் முதலில் தேடுவது பெயின்டரை. வாங்க வருபவர் தேடுவதோ சுவர் விரிசலை. காரணம், கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலே நிற்கும் சுவரும் விரிசல் விடும்.

என்ன செய்யலாம்?

* மழைத்தண்ணீர் சுவரோரம் தேங்காதபடி, வெளிப்பக்கம் சாய்வாக சிமென்ட் தளம் போடுங்க.

* மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம்தான். ஆனால், உறிஞ்சுகுழி அஸ்திவாரத்தை ஒட்டி வேண்டாம். தொட்டியில் பிடித்தால், வறண்ட ஊரில் அதுவே பிளஸ் பாயின்ட்.

* விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்க. கோட்டைத் தாண்டினால் இன்ஜினியரிடம் காட்டுங்க.

பூசி மறைத்துவிட்டால்? தனக்குத் தெரிந்த, வாங்குபவர் கண்ணுக்கு எளிதில் படாத பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம், 1882-ன் பிரிவு 55. மறைத்தால் விஷயம் கோர்ட் வரை போகலாம்.