ரேடியோவைக் கடைசியில் வாங்குங்கள்

கிந்தா பள்ளத்தாக்கில் மேற்கே கிளேடாங் மலைத்தொடர், கிழக்கே தித்திவங்சா. நடுவில் குனோங் ராபாட்டிலிருந்து தெற்கு நோக்கிச் சுவர்போல் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள். ஈப்போவின் தாமான்களில் ஒளியிழை இணையம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. சில கிலோமீட்டர் தள்ளி, முன்பு பால்மரமும் இப்போது செம்பனையும் நிற்கும் தோட்டங்களின் உள்ளே இருக்கும் குடியிருப்புகளில் கைத்தொலைபேசியில் இரண்டு கோடு தெரிந்தாலே பெரிய விஷயம். பள்ளிப் பாடம், அரசாங்க உதவித் தொகைக்கான விண்ணப்பம், மருத்துவமனை முன்பதிவு எல்லாம் இணையத்துக்குப் போய்விட்ட காலத்தில் அந்த இரண்டு கோடு போதாது.

ஆகவே கோயில் நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கூடும்போது ஒரு யோசனை எழுவது இயல்பு: ஒளியிழை உள்ள இடத்தில் ஓர் ஆண்டெனா, குடியிருப்பில் ஓர் ஆண்டெனா, இடையே கம்பியில்லா இணைப்பு. நல்ல யோசனைதான். ஆனால் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் "எந்த ரேடியோ வாங்கலாம்? எது அதிக தூரம் போகும்?" என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது என்பது என் கருத்து. அதை முதலில் கேட்டால் வசூலித்த பணம் கூரைமேல் துருப்பிடிக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது பாதை. பெட்டியின்மேல் அச்சிட்ட கிலோமீட்டர் கணக்கு, இடையில் எதுவுமே இல்லாத வெளிக்கானது. சுண்ணாம்புப் பாறையை எந்த விலையுள்ள ரேடியோவும் துளைத்துப் போகாது. குன்று குறுக்கே நின்றால், இரு பக்கமும் தெரியும் மூன்றாவது இடத்தில் ஓர் இடைநிலையம் வேண்டும்.

எதிர் முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை ஒரு நூல்போல் போவதில்லை. நடுவில் பருத்து இரு முனையிலும் குறுகும் சுருட்டு வடிவில் அதற்கு இடம் வேண்டும். இதை ஃபிரெனெல் மண்டலம் என்பார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பென்றால், நடுப்பகுதியில் இந்தச் சுருட்டின் ஆரம் 11 மீட்டருக்குச் சற்று மேல். அதில் 60 விழுக்காடாவது, அதாவது நேர்க்கோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 7 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்காக இன்னும் ஒன்றரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு மர உச்சியிலிருந்து தொடங்குகிறது, தரையிலிருந்து அல்ல. கணினி வரைபடம் குன்றைக் காட்டும். செம்பனையின் உயரத்தை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். செம்பனை ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வளர்கிறது. இன்று மட்டையை உரசிக்கொண்டு வேலை செய்யும் இணைப்பு நான்கைந்து ஆண்டில் மட்டைக்குள் புதைந்துவிடும்.

நம் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் பழைய ஈயக்குட்டைகள். அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அலையைத் திருப்பி அனுப்பும். நேராக வரும் அலையும் நீரில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளலாம். ஆண்டெனாவைக் கம்பத்தில் ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பார்த்தால் இது பெரும்பாலும் தீரும். விலை கூடிய ரேடியோ இதற்கு மருந்தல்ல.

இரண்டாவது ஆண்டெனா. 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் வெட்டவெளியைக் கடக்கும்போது ஏற்படும் இழப்பு சுமார் 128 டெசிபல். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வீசும் ஆண்டெனா இரு முனையிலும் இருந்தால், அனுப்பிய ஆற்றலில் 6 டிரில்லியனில் ஒரு பங்கு மட்டுமே போய்ச் சேரும். 6-க்குப் பின்னால் 12 பூஜ்யம்! இதைக் கேட்டதும் ஆற்றலைக் கூட்டத்தான் தோன்றும். ஆனால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் உரிமம் தேவைப்படாத அலைவரிசைகளுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ரேடியோவின் ஆற்றலையும் ஆண்டெனாவின் குவிப்பையும் சேர்த்தே அந்த வரம்பு கணக்கிடப்படுகிறது. பெரிய ஆண்டெனா போட்டால் ரேடியோவின் ஆற்றலைக் குறைக்க வேண்டும்.

அப்படியானால் பெரிய ஆண்டெனாவால் என்ன பயன்? வாங்கும் பக்கத்தில் அதே ஆண்டெனா காதாக மாறுகிறது, காதுக்கு வரம்பு இல்லை. 16 டெசிபல் குவிப்புள்ள சிறு பலகை ஆண்டெனாவுக்குப் பதிலாக 30 டெசிபல் தட்டு ஆண்டெனாவை மாட்டினால் வித்தியாசம் 14 டெசிபல், அதாவது 25 மடங்கு. ஆற்றலைக் கூட்டி இதைச் சட்டப்படி அடைய முடியாது. தட்டு ஆண்டெனாவின் பார்வை குறுகலானது என்பதால், ஈப்போ நகரின் ஆயிரக்கணக்கான வீட்டு வைஃபை இரைச்சலில் பெரும்பகுதி அதன் காதில் விழாது. ஆனால் சில பாகை திரும்பினாலே குறி தவறிவிடும். அதற்கேற்ப ஆடாத கம்பம் வேண்டும்.

2006-இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியேத்ரோசெமோலியும் அவர் குழுவினரும் 279 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பை நிறுவிக் காட்டினர். மறு ஆண்டு அது 382 கிலோமீட்டராக நீண்டது. அவர்கள் கையில் இருந்தவை கடையில் கிடைக்கும் மலிவான வீட்டு ரூட்டர்கள்தாம். அவற்றின் மென்பொருளை மாற்றியிருந்தார்கள். தூரத்தைக் கொடுத்தவை ஆண்டிஸ் மலையின் உயரமும் பெரிய தட்டு ஆண்டெனாக்களும்.

மூன்றாவது, மின்சாரமும் இடியும். இதற்கு நம்மவர் ஊரிலேயே பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களை வைஃபையால் இணைத்தது. கிராமத்திலிருந்தபடியே நோயாளி தேனியில் இருக்கும் மருத்துவரிடம் காணொளியில் பேசலாம். 2008-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, 5 மையங்களுக்கு 9 இணைப்புகள், தூரம் 1 முதல் 15 கிலோமீட்டர், கோபுரங்களின் உயரம் 24 முதல் 42 மீட்டர். ஓர் இடத்தில் ஆலையின் புகைபோக்கியே கோபுரமானது.

அங்கே அதிகத் தொல்லை கொடுத்தது ரேடியோ தூரம் அல்ல. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் பலகைகள் எரிந்தன, நினைவட்டைகள் கெட்டன, பாட்டரி தளர்ந்தபோது கருவிகள் உறைந்து நின்றன. பழுதுகளில் பெரும்பகுதி மின்சாரத்தால் வந்தது. பாட்டரி ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் தானே துண்டிக்கும் சுற்று, தூர இருந்தே கருவியை எட்டும் மாற்று வழி, உள்ளூர் ஊழியருக்குப் பயிற்சி ஆகியவைதாம் அந்த வலையைக் காத்தன.

உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. நிலத்தில் பதிக்கும் மின்காப்புக் கம்பி ஈரமண்ணில் நன்றாக வேலை செய்யும். பாறைமேல் மெல்லிய மண் மட்டுமே உள்ள குன்றடிகளில் ஒற்றைக் கம்பி போதாது. பல கம்பிகளைப் பரப்பி இணைக்க வேண்டும். ரேடியோவின் விலைக்கு நிகரான தொகையை இதற்கும் மின்னல் தடுப்பானுக்கும் ஒதுக்காத வரவுசெலவுத் திட்டத்தை நிர்வாகக் குழு ஏற்கவே கூடாது.

இவை முடிந்தபின் ரேடியோ. இப்போது தேர்வு எளிது. 60 கிகாஹெர்ட்ஸ் கருவிகளின் வேகம் ஆசை காட்டும். நம் பெருமழையில் அவை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பல பத்து டெசிபல் இழக்கும், எனவே சில நூறு மீட்டருக்கே ஏற்றவை. 10 கிலோமீட்டருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பொருத்தம். தூரத்தைக் குறித்துக் கொடுக்கும் வசதியோ, இரு முனையும் முறைவைத்துப் பேசும் ஏற்பாடோ இருக்க வேண்டும். ஒளிவேகத்திலும் 10 கிலோமீட்டர் போய்வர 67 மைக்ரோவினாடி ஆகிறது. சாதாரண வைஃபை அவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திராது, அனுப்பியது தொலைந்ததென்று எண்ணி மீண்டும் மீண்டும் அனுப்பும். சிரிம் முத்திரை இருக்கிறதா, மாற்றுக் கருவி ஈப்போவிலேயே கிடைக்குமா என்றும் பாருங்கள்.

"ஸ்டார்லிங்க் 2023-இலேயே வந்துவிட்டதே, இந்தப் பாடு எதற்கு?" என்று கேட்பார்கள். தனி வீட்டுக்கு அது எளிது, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கூரைக்கும் ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மாதக் கட்டணம். ஒரே ஒளியிழையைச் சமூக மண்டபத்துக்குக் கொண்டுவரும் இணைப்பில் மாதச் செலவு ஒன்றுதான். அந்தச் சந்தாவைப் பகிர்ந்துகொள்ள இணைய நிறுவனத்தின் அனுமதி வேண்டும், கட்டணம் வாங்கிச் சேவை நடத்த உரிமம் வேண்டும். அதை முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

ஆகவே வசூல் நோட்டைத் திறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். இரண்டு பேர் இந்த முனையில், இரண்டு பேர் அந்த முனையில் ஏறிப் பாருங்கள். நடுவில் உள்ள மரங்களின் உயரத்தைத் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் கேளுங்கள். இடைநிலையம் வைக்கும் இடத்தின் சாவி யாரிடம் இருக்கும், இரவில் மின்னல் அடித்தால் மறுநாள் யார் ஏறிப் பார்ப்பார் என்று பெயர் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் கிடைக்காவிட்டால் ரேடியோ வாங்கும் பேச்சைத் தள்ளி வையுங்கள்.