பழைய கணினியை எடைக்குப் போடலாமா?

கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் சின்ன டி.டி.பி. கடைகளில், அது ஸ்ரீரங்கம் ஆனாலும் திருச்சி டவுன் ஆனாலும், பழுப்பேறிய ஒரு கேபினெட்டை இன்றும் பார்க்கலாம். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் பேஜ்மேக்கர் 7. "இன்னுமா இது ஓடுது?" என்று சிரிக்கத் தோன்றும். காரணம் இல்லாமல் இல்லை.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். அதற்கப்புறம் அடோபி புதுப் பதிப்பே போடவில்லை. அதற்கு யூனிகோடு தெரியாது. தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்று அறிவித்துவிட்டாலும், பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கோப்புகள் பழையபடிதானே இருக்கும்! அந்தக் கடைக்கு அதுதான் சொத்து.

கொஞ்சம் காமர்ஸ் கணக்கு. வருமான வரியில் கணினிக்கு ஆண்டுக்கு 40% தேய்மானம். 30,000 ரூபாய் பெட்டி ஐந்து வருடத்தில் ஏட்டில் 2,333 ரூபாய். ஏட்டில் செத்துப்போன பெட்டி கடையில் சம்பாதித்துக் கொண்டிருக்கிறது.

"ஸ்லோவா இருக்கு" என்றதும் புது மெஷின் விலை விசாரிக்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி பிராசஸர் இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கும் ஹார்ட் டிஸ்க். சாட்டா இணைப்பு உள்ள கோர் 2 டுவோ பெட்டியில்கூட ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, ராமை 4 ஜி.பி. ஆக்கி, லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் டைப்பிங்குக்கும் பில் போடுவதற்கும் போதும். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதற்குப் போய் போர்டையே மாற்றச் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை :-) கெபாசிட்டர் உப்பியிருந்தால் சால்டரிங் தெரிந்தவர் மாற்றித் தருவார்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை வேண்டும். 2015-ல் வாங்கிய நல்ல ஐ5 மெஷின், ஒரு குறையும் இல்லாமலே தகுதி இழக்கிறது. இது அநியாயம்தான்.

அதற்காக எக்ஸ்பியை நெட்டில் விடுவது சரியில்லை. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே நின்றுவிட்டது. ஒயரைப் பிடுங்கிவிட்டு பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பென்டியம் 4 காலத்துப் பெட்டி என்றால் ஹார்ட் டிஸ்க் ஐ.டி.இ. வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐ.டி.இ.-யை யு.எஸ்.பி.-யில் செருகும் அடாப்டர் ஒன்று வாங்கி, கோப்புகள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுப்பதுதான் முதல் வேலை. ராம், எஸ்.எஸ்.டி. எல்லாம் அதற்குப் பிறகு.